ஏழு கூரைகளும் பள்ளிப் பிள்ளைகளும்

இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில், மலைகளுக்கு நடுவே ஏழு கூம்பு வீடுகளோடு நிற்கிறது வாஏ ரெபோ கிராமம். வண்டிப் பாதை கிடையாது. அடிவாரத்திலிருந்து மணிக்கணக்கில் ஏற வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து அடுக்கு. உள்ளே எரியும் அடுப்பின் புகைதான் கூரையைப் பூச்சி அரிக்காமல் காக்கிறது. முற்றத்தில் பாய் விரித்துக் காப்பிக்கொட்டை காயப் போட்டிருப்பார்கள். காய்ந்ததும் மூட்டைகளை மனிதர்கள் சுமந்துதான் இறக்க வேண்டும். இந்த வீடுகளை மீட்டெடுத்ததற்காக 2012இல் யுனெஸ்கோ விருது வந்தது, கூடவே சுற்றுலாப் பயணிகளும். அவர்களால் வரும் வருமானம் நல்லதுதான். ஆனால் பள்ளி வயது வந்த பிள்ளைகள் கீழே உள்ள கோம்போ கிராமத்தில் தங்கித்தான் படிக்கிறார்கள். ஆறேழு வயதில் தாய்மடியைப் பிரிவது படிப்புக்கான விலையாக இருக்கக் கூடாது. கூரைகளை மீட்டெடுக்க முன்வந்த அரசும் கொடையாளர்களும் முதல் மூன்று வகுப்புகளையாவது மேலேயே நடத்த வழிசெய்ய வேண்டும்.