மாய எண்களை அளந்துதான் அறிய வேண்டும்

அணுக்கருவுக்குள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் கூடு கூடாக அமைகின்றன, ஒரு கூடு முழுமையாக நிரம்பும்போது கரு தனி உறுதி பெறுகிறது என்று 1949-இல் மரியா கோப்பெர்ட் மேயரும் ஹான்ஸ் யென்சனும் தனித்தனியே விளக்கினார்கள். 1963-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். கூடு நிரம்பும் 2, 8, 20, 28, 50, 82, 126 ஆகியவை மாய எண்கள். பாடநூல்கள் இவற்றை மாறாத விதிபோல அச்சிடுவது தவறு என்பேன். நிலையான கருக்களையும் அவற்றை ஒட்டியவற்றையும் பார்த்து எழுதிய கணக்கு அது. நிலையானவை 300-க்கும் குறைவு. இதுவரை அறியப்பட்ட கருக்களோ 3,000-க்கும் மேல்.

முதல் விரிசலை 1975-இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் சோடியம் ஐசோடோப்புகளின் நிறையை அளந்தவர்கள் கண்டார்கள். நியூட்ரான்கள் 20-ஐ எட்டிய இடத்தில் கூடு மூடியதற்கான அடையாளமே இல்லை. கூடு மூடியிருந்தால் கருவைக் கிளர்ச்சியூட்ட அதிக ஆற்றல் வேண்டும். 20 நியூட்ரான் கொண்ட மக்னீசியம்-32-க்கோ 0.885 மெகா எலக்ட்ரான் வோல்ட்டே போதும். மறுபக்கம், 2013-இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வகம், மாய எண் பட்டியலிலேயே இல்லாத 34 நியூட்ரான்களைக் கொண்ட கால்சியம்-54-ஐ அளந்தது. ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான விரைவில் பாயும் கருக்களிலிருந்து புரோட்டான்களைத் தட்டிவிட்டு, அப்போது வெளிப்படும் காமா கதிரின் ஆற்றலை அளக்கும் நுட்பமான வேலை அது. கிடைத்த விடை சுமார் 2 மெகா எலக்ட்ரான் வோல்ட். இரண்டு புரோட்டான் கூடுதலாக உள்ள டைட்டானியத்தில் அதே 34-க்கு அந்த உறுதி இல்லை. புரோட்டான்கள் குறையும்போது நியூட்ரான் மட்டம் ஒன்றின் மீதான ஈர்ப்பு தளர்கிறது. அது மேலே நகர, புதிய இடைவெளி பிறக்கிறது. எண்ணின் மாயம் பக்கத்தில் இருப்பவரைப் பொறுத்தது.

இதையெல்லாம் கணினியில் கணக்கிட்டுவிடலாமே என்பார்கள். 8 புரோட்டானும் 20 நியூட்ரானும் கொண்ட ஆக்சிஜன்-28 பற்றிய கணக்குகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. 2023-இல் அதை உருவாக்கிப் பார்த்தபோதுதான், நான்கு நியூட்ரான்களை உதிர்த்து ஆக்சிஜன்-24 ஆகிவிடுவது தெரிந்தது. இரட்டை மாய உறுதிக்கான அறிகுறி அதில் இல்லை. அதற்காக எல்லா எண்ணும் பொய்த்துவிடவில்லை. 28 புரோட்டானும் 50 நியூட்ரானும் கொண்ட நிக்கல்-78 உறுதியாகவே நிற்பதை 2019-இல் கண்டார்கள். எங்கே நிற்கும், எங்கே சரியும் என்பதை அளவீடுதான் சொல்கிறது.

கண நேரத்தில் சிதையும் பொருளுக்கு இவ்வளவு பணமா என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்காவின் மிச்சிகனில் 2022-இல் திறந்த முடுக்கி நிலையத்துக்கு 73 கோடி டாலர் செலவானது. ஆனால் தங்கமும் பிளாட்டினமும் பெருமளவில் பிறப்பது இத்தகைய கருக்களின் வழியாகத்தான். நியூட்ரான் விண்மீன்கள் மோதும்போது கனமான தனிமங்கள் உருவாவதற்கான சான்று 2017-இல் கிடைத்தது. எந்தத் தனிமம் எவ்வளவு உருவாகும் என்பதை, வழியில் 82, 126 நியூட்ரான் கூடுகள் எத்தனை உறுதியாக மூடுகின்றன என்பது தீர்மானிக்கிறது. தங்கத்துக்கு வழிவிடும் அந்த 126 நியூட்ரான் கருக்களில் பெரும்பாலானவை இன்னும் எந்த ஆய்வகத்திலும் உருவாக்கப்படவில்லை.