டீமை விற்கணுமா... பிளேயர்களை விற்கணுமா?

2025 மே 8. ரோமில் புதிய போப்பாக 14-ம் லியோ அறிவிக்கப்பட்ட அன்று, சிகாகோவில் ஒரு செல்லச் சண்டை ஆரம்பித்தது. அமெரிக்காவிலிருந்து வந்த முதல் போப், அதுவும் சிகாகோக்காரர். சரி, அவர் எந்த பேஸ்பால் டீமின் ரசிகர்? ஊரின் வடக்குப் பக்கம் கப்ஸ், தெற்குப் பக்கம் வொயிட் சாக்ஸ். ஒரே ஊர்தான், ஆனால் பல வீடுகளில் சம்பந்தம் பேசும்போதே விசாரித்துக்கொள்ளும் அளவுக்கு இது பெரிய விஷயம். போப் கப்ஸ் ரசிகர் என்று முதலில் செய்தி பரவியது. உடனே அவருடைய அண்ணன் டி.வி-யில் வந்து, 'தம்பி எப்போதும் வொயிட் சாக்ஸ்தான்' என்று திருத்தினார். 2005 வேர்ல்ட் சீரிஸ் முதல் மேட்ச்சில், கூட்டத்தோடு கூட்டமாக அவர் உட்கார்ந்திருந்த வீடியோவும் அகப்பட்டது.

தெற்கு சிகாகோவில் கொண்டாட்டம். கூடவே ஒரு கிண்டலும்: 'இந்த டீமுக்கு இனி பிரார்த்தனைதான் பாக்கி, அதுக்கும் ஆள் கிடைச்சாச்சு!'

கிண்டலுக்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முந்தைய 2024 சீஸனில் வொயிட் சாக்ஸ் ஆடியது 162 மேட்ச். ஜெயித்தது 41. தோற்றது 121. 1900-க்குப் பிறகு எந்த மேஜர் லீக் டீமும் ஒரு சீஸனில் இத்தனை மேட்ச் தோற்றதில்லை. பழைய ரெக்கார்டு 1962 நியூயார்க் மெட்ஸுடையது, 120 தோல்வி. ஆனால், மெட்ஸ் அந்த வருடம்தான் பிறந்த டீம். தவழும் குழந்தை விழுந்தால் யாரும் சிரிப்பதில்லை. வொயிட் சாக்ஸ் நூற்றாண்டைத் தாண்டிய டீம்.

ஜூலை, ஆகஸ்ட்டில் மட்டும் தொடர்ந்து 21 தோல்வி. அந்தத் தொடர் ஒருவழியாக முடிந்த இரண்டாவது நாள் மேனேஜர் பெட்ரோ கிரிஃபோல் வேலையை விட்டுத் தூக்கப்பட்டார். (பேஸ்பாலில் மேனேஜர் என்றால் ஆபீஸ் மேனேஜர் இல்லை, தலைமை கோச்.) செப்டம்பர் கடைசியில் சொந்த மைதானத்தில் மூன்று மேட்ச். 121-வது தோல்வியை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றே டிக்கெட் வாங்கி வந்தவர்கள் உண்டு. 'டீமை வித்துடு!' என்று ஓனருக்கு எதிராகக் கோஷம் போட்டார்கள். அந்த மூன்றையும் டீம் ஜெயித்துத் தொலைத்தது! செப்டம்பர் 27-ல் டெட்ராய்ட் போய்த்தான் அந்த ரெக்கார்டைப் படைத்தார்கள். அதே ராத்திரி, அதே மைதானத்தில், டெட்ராய்ட் டைகர்ஸ் பத்து வருடத்துக்குப் பிறகு பிளே-ஆஃபுக்குத் தகுதி பெற்று ஷாம்பெயின் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

அப்போதிலிருந்து வொயிட் சாக்ஸ் ரசிகர்கள் எங்கே கூடினாலும் ஒரே விவாதம்தான்: இந்த டீமை எப்படித் தூக்கி நிறுத்துவது?

இந்த விவாதம் புரிய வேண்டுமென்றால், பேஸ்பாலும் ஐ.பி.எல்-லும் எங்கே வேறுபடுகின்றன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். ஐ.பி.எல்-லில் கடைசி இடத்துக்குப் போன டீம்கூட மெகா ஏலத்தில் பெட்டியைத் திறந்து, ஒரே வாரத்தில் புது டீமாக மாறிவிடலாம். பேஸ்பாலில் அந்த வசதி கிடையாது. பள்ளி, கல்லூரிப் பையன்களை ஜூலை மாத டிராஃப்ட்டில் வரிசைப்படி எடுக்க வேண்டும். அவர்கள் மைனர் லீக்கில் படிப்படியாக ஏறி மேலே வரப் பல வருடங்கள் ஆகும். மேலே வந்த பிறகு, சுமார் ஆறு வருடம் அந்த டீமின் பிடியில்தான் இருப்பார்கள். ஆரம்ப வருடங்களில் சம்பளமும் குறைவு. அதன் பிறகுதான் யார் அதிகம் கொடுக்கிறார்களோ அங்கே போகலாம்.

அதனால் தோற்கிற டீமுக்கு ஒரு குறுக்கு யோசனை வரும். இன்னும் சில வருடம் ஒப்பந்தம் பாக்கியிருக்கும் ஸ்டாரை இப்போதே வேறு டீமுக்குக் கொடுத்து, பதிலுக்கு நான்கு இளம் வீரர்களை வாங்கிக்கொள்வது. இரண்டு மூன்று வருடம் அடிமேல் அடி வாங்குவது. ஃபுட்பாலைப்போல கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிடுகிற பயமும் இங்கே இல்லை. கடைசி இடம் வந்தால் டிராஃப்ட்டில் முன்வரிசை. பையன்கள் வளர்ந்ததும் கப். இதற்குத்தான் 'ரீபில்டு' என்று பெயர்.

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் இப்படித்தான் 2011, 2012, 2013 மூன்று வருடமும் நூறு மேட்ச்சுக்கு மேல் தோற்று, 2017-ல் சாம்பியன் ஆனது (அந்தக் கப்பின் மேல் எதிரணி சிக்னலைத் திருடிய கறை விழுந்தது தனிக்கதை). எதிர்வீட்டு கப்ஸும் 2012-ல் 101 மேட்ச் தோற்று, 2016-ல் கப் தூக்கியது. அதைப் பார்த்துத் தெற்குப் பக்கத்துக்கு ஆசை வராதா?

வந்தது. 2016 டிசம்பரில் வொயிட் சாக்ஸ் தன் நம்பர் ஒன் பிட்சர் கிறிஸ் சேலை பாஸ்டனுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்தவர்களில், அப்போது பேஸ்பால் உலகமே கண் வைத்திருந்த இளைஞன் யோவான் மொன்காடாவும், தீயாக வீசும் மைக்கேல் கோபெக்கும் இருந்தார்கள். அடுத்த ஜூலையில் ஹோசே கின்டானாவை எதிரி கப்ஸுக்கே கொடுத்து எலோய் ஹிமெனெஸ், டிலன் சீஸை வாங்கினார்கள். பத்திரிகைகள் பாராட்டின, ரசிகர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள். 2018-ல் 100 தோல்வி. பரவாயில்லை, பையன்கள் வருகிறார்கள் என்றார்கள்.

பையன்கள் வரவும் செய்தார்கள். 2020-ல் பிளே-ஆஃப். 2021-ல் 93 வெற்றியோடு டிவிஷன் சாம்பியன். அதோடு சரி. 2022-ல் 81 வெற்றி, 81 தோல்வி. 2023-ல் 101 தோல்வி. 2024-ல் அந்த 121.

இப்போது வயிற்றெரிச்சல் பட்டியல் ஒன்று. ரசிகர்களுக்கு இது மனப்பாடம். கொடுத்துவிட்ட கிறிஸ் சேல், 2018-ல் பாஸ்டனோடு வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தார். வொயிட் சாக்ஸ் 121 தோற்ற அதே 2024-ல், அட்லான்டாவுக்காக வீசி சை யங் விருது வாங்கினார். பிட்சருக்கு அதைவிடப் பெரிய விருது இல்லை. வாங்கி வளர்த்த சீஸை 2024 மார்ச்சில் சான் டியாகோவுக்கு அனுப்பினார்கள். ஜூலையில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு மேட்ச்சையும் வீசி முடித்தார். கோபெக்கை அதே ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு அனுப்பினார்கள். அக்டோபரில் அவர் கையில் சாம்பியன் மோதிரம். யார் கிளம்பிப் போனாலும் ராசி வந்துவிடுகிறது!

ஆக, ரசிகர்கள் பிரிந்து நின்று சண்டை போடுவதில் அர்த்தம் இருக்கிறது. 'இன்னொரு முறை எல்லாவற்றையும் இடி, அடித்தளத்திலிருந்து கட்டு' என்கிறது ஒரு கட்சி. 2023 ஆகஸ்ட்டில் பழைய நிர்வாகிகள் கென் வில்லியம்ஸும் ரிக் ஹானும் நீக்கப்பட்டு, பொறுப்புக்கு வந்த கிறிஸ் கெட்ஸ் செய்வது ஏறக்குறைய இதைத்தான். 2024 டிசம்பரில் கடைசியாக மிஞ்சியிருந்த நட்சத்திர பிட்சர் கேரட் குரோஷேயும் பாஸ்டனுக்குப் போனார். நான்கு இளைஞர்கள் வந்தார்கள். பாஸ்டன் அவரை உடனே 17 கோடி டாலருக்கு ஆறு வருடம் கட்டிப்போட்டது.

இன்னொரு கட்சிக்கு இந்தக் கடைசி வரிதான் கோபம். 'அந்தக் காசை நாம ஏன் கொடுக்கல?' வொயிட் சாக்ஸ் தன் வரலாற்றில் ஒரு வீரருக்குக் கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தம், 2022 டிசம்பரில் ஆண்ட்ரூ பெனின்டென்டிக்குக் கொடுத்த ஏழரைக் கோடி டாலர். அதே டிவிஷனில் இருக்கும் கேன்சஸ் சிட்டி ராயல்ஸ், சிகாகோவோடு ஒப்பிட்டால் சின்ன ஊர். அவர்கள் 2023-ல் 106 மேட்ச் தோற்றார்கள். 'இன்னும் மூன்று வருடம் பொறுங்கள்' என்று ரசிகர்களிடம் சொல்லவில்லை. தங்கள் இளம் ஸ்டார் பாபி விட் ஜூனியருக்கு 11 வருடத்துக்கு 28 கோடியே 87 லட்சம் டாலர் கொடுத்துத் தக்கவைத்தார்கள். சேத் லூகோ, மைக்கேல் வாக்கா என்று அனுபவசாலி பிட்சர்களை வாங்கினார்கள். அடுத்த வருடமே 86 வெற்றி, பிளே-ஆஃப்!

எனக்கு இந்தக் கட்சியின் பக்கம்தான் சாய்வு. ஏனென்றால் 2016 ரீபில்டு பாதி வேலை செய்தது என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பையன்கள் வந்தார்கள், ஜெயிக்கவும் ஆரம்பித்தார்கள். கதவு திறந்த அந்த நேரத்தில்தான் நிர்வாகம் கையைக் கட்டிக்கொண்டது. 2019-ல் மேனி மசாடோவைத் துரத்தினார்கள். அவர் 30 கோடி கொடுத்த சான் டியாகோவுக்குப் போய்விட்டார். 2020 அக்டோபரில் புது மேனேஜரைத் தேடியபோது, ஓனர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் 76 வயது டோனி லா ரூசாவைக் கூட்டிவந்தார். 1986-ல் இதே டீம் வேலையை விட்டு நீக்கியவர் அவர். அது தவறு என்ற உறுத்தல் ரைன்ஸ்டார்ஃபுக்கு அத்தனை வருடமாக இருந்தது. பழைய கடனைத் தீர்ப்பது நல்ல மனசு. அதற்கு இருபது வயதுப் பையன்கள் நிறைந்த டீமைப் பயன்படுத்தியிருக்க வேண்டாம்.

அதோடு காயம். ஹிமெனெஸ், மொன்காடா எல்லாம் பாதி நாள் ஆஸ்பத்திரி லிஸ்ட்டில் இருந்தார்கள். நாலு பேரை நம்பிக் கட்டிய வீட்டில் இரண்டு தூண் விரிசல் விட்டால், முட்டுக்கொடுக்க வெளியிலிருந்து ஆள் வாங்கத்தானே வேண்டும்?

'தோற்றால் டிராஃப்ட்டில் முன்வரிசை' என்ற கணக்கும் இப்போது பழசாகிவிட்டது. வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க, மேஜர் லீக் 2022 முதல் குலுக்கல் முறை கொண்டுவந்தது. பெரிய ஊர் டீம்கள் அடுத்தடுத்த இரண்டு வருடம் குலுக்கலில் முன்னிடம் பெற முடியாது என்றும் ஒரு விதி. விளைவு, 121 தோற்ற டீமுக்கு 2025 டிராஃப்ட்டில் கிடைத்தது 10-வது இடம்! அதைவிடக் குறைவாக, 102 மட்டும் தோற்ற 2025-க்குப் பிறகு நடந்த குலுக்கலில் முதல் இடமே விழுந்தது. தோல்வியில் முதலீடு செய்யச் சொல்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ!

பால்டிமோரையும் பார்க்கலாம். 2018-ல் 115 தோல்வி, 2021-ல் 110, 2023-ல் 101 வெற்றி. ரீபில்டுக்குப் பாடப்புத்தகம் என்றார்கள். பிளே-ஆஃபில் ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை, 2025-ல் மறுபடி தோல்விப் பக்கம் சரிந்துவிட்டது.

இதற்காக கெட்ஸின் பையன்களைக் குறை சொல்ல முடியாது. குரோஷேக்குப் பதிலாக வந்த கைல் டீல், சேஸ் மைட்ராத் இருவரும் 2025-லேயே மேலே வந்து ஆடினார்கள். கோல்சன் மான்ட்கோமரி கதை இன்னும் சுவாரஸ்யம். 2025 ஏப்ரலில் மைனர் லீக்கில் பந்தே படாமல் திணறினார். அரிசோனா பயிற்சி மையத்துக்கு அனுப்பி, மட்டை வீச்சைச் சரிசெய்ய வைத்தார்கள். ஜூலையில் மேஜர் லீக்குக்கு வந்து 71 மேட்ச்சில் 21 ஹோம் ரன்! காசு செலவழிக்காமல் நல்ல கோச்சால் கிடைத்த லாபம் இது. ரசிகர்களில் அமைதியான ஒரு கட்சி ரொம்ப நாளாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது: ஆளை மாற்றுவது இருக்கட்டும், கற்றுக்கொடுக்கும் முறையை மாற்று என்று. 2025-ல் மொத்தம் 60 வெற்றி. முந்தைய வருடத்தைவிட 19 அதிகம். அந்த டிசம்பரில், ஜப்பானில் ஒரே சீஸனில் 56 ஹோம் ரன் அடித்த முனேதகா முரகாமியையும் இரண்டு வருடத்துக்கு வாங்கினார்கள். பர்ஸ் லேசாகத் திறக்கிறது.

ஆனால், மைதானத்தில் கோஷம் போட்ட கட்சிக்கு இதெல்லாம் போதாது. அவர்களுக்கு நோய் ஒன்றுதான், அதன் பெயர் ரைன்ஸ்டார்ஃப். 1981 முதல் அவர்தான் தலைமை ஓனர். மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ புல்ஸும் அவருடையதுதான். 2005-ல் 88 வருடத்துக்குப் பிறகு வொயிட் சாக்ஸுக்குக் கப் கிடைத்ததும் அவர் காலத்தில்தான் என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அடுத்த வருடம் மைதானத்துக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 30 லட்சம் பேர். 2024-ல் அதில் பாதிகூட இல்லை.

வயதான ரசிகர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு: டீம் ஊரைவிட்டே போய்விடுமோ? 1988-ல் ஃப்ளோரிடாவுக்குப் போக மூட்டை கட்டியாகிவிட்டது. புது மைதானத்துக்குப் பணம் தரும் மசோதாவை நள்ளிரவுக்குள் நிறைவேற்ற வேண்டும். இலினாய் சட்டசபையில் கடிகாரத்தை நிறுத்திவைத்து, பன்னிரண்டு அடிக்காதது மாதிரி பாவனை செய்து ஓட்டுப் போட்டார்கள்! அப்படிக் கட்டிய மைதானத்தில்தான் 1991 முதல் ஆடுகிறார்கள். அந்த மைதானத்தின் குத்தகை 2029 சீஸனோடு முடிகிறது.

ஓனர் விஷயத்திலும் அதே வருடம்தான் வருகிறது. ஜஸ்டின் இஷ்பியா என்ற முதலீட்டாளரோடு 2025 ஜூனில் ஓர் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. 2029-லிருந்து 2033-க்குள் ரைன்ஸ்டார்ஃப் விரும்பினால் டீமின் கட்டுப்பாட்டை அவருக்கு விற்கலாம். 2034 சீஸனுக்குப் பிறகு, இஷ்பியா விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம். ரைன்ஸ்டார்ஃப் பிறந்தது 1936-ல். அதுவரை செக்கில் கையெழுத்து போடப்போவது அவர்தான்.