காற்றடிக்கும் முன் கணக்கு



நீர்த்தேக்கத்தின் அடியில் குழாய் பதித்துக் காற்றடித்தால் தண்ணீர் தானாகக் கலந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அது பாதி உண்மைதான்.

கோடையில் மேல்நீர் 30 டிகிரி, அடிநீர் 20 டிகிரி என்றால், கனமீட்டருக்கு எடை வித்தியாசம் சுமார் இரண்டரை கிலோதான். அந்தச் சிறு வித்தியாசமே மேலே மூடிபோட்டதுபோல் ஆகிவிடுகிறது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்து, வண்டலிலிருந்து இரும்பும் மாங்கனீசும் பாஸ்பரசும் நீரில் கரைகின்றன.

மேற்கு ஆஸ்திரேலியாவின் வெலிங்டன் நீர்த்தேக்கத்தை 1970களில் ஆராய்ந்த யோர்க் இம்பெர்கர் குழுவினர், நீர் இப்படி அடுக்கடுக்காகப் பிரிவதைக் கணிக்க ‘டைரெசம்’ என்ற கணினி மாதிரியை உருவாக்கினார்கள். நீரைக் கிடைமட்ட அடுக்குகளாகப் பிரித்து, வெயில், காற்று, நீர்வரத்து ஆகியவற்றால் ஒவ்வோர் அடுக்கும் எப்படி மாறுகிறது என்று அது கணக்கிடும். பின்னாளில் அதில் குமிழிகளின் கணக்கும் சேர்ந்தது.

குமிழிதான் இங்கே முக்கியம். காற்று போதாவிட்டால், குமிழிகளோடு ஏறும் கனத்த அடிநீர் நடுவழியிலேயே பிரிந்து பக்கவாட்டில் பரவிவிடும், மேற்பரப்பை எட்டாது. காற்று மிகுந்தால் மின்சாரம் வீண்.

எனவே கம்ப்ரசருக்கு டெண்டர் விடும் முன், ஓராண்டாவது மீட்டருக்கு மீட்டர் நீரின் வெப்பநிலையை அளந்து மாதிரியில் ஓட்டிப் பார்ப்பதைப் பொறியாளர்கள் கட்டாயமாக்க வேண்டும்.

– ஒரு வாசகர்