சுவரும் சித்திரமும்

‘சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. பெற்றோர் பலர் இப்பழமொழியைக் கொண்டே நம்மிடம் வாதிடுவதுண்டு. “ஐயா, கணக்கும் மொழியும்தாம் சுவர். பிள்ளை அதை முதலில் கட்டட்டும். படம் வரைவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பர். நாமும் அதற்கு உடன்பட்டோம். தேர்வு நெருங்கும் மாதங்களில் ஓவியப் பாடவேளையை எடுத்துக் கணக்கிற்குக் கொடுத்தோம். அது தவறு என்று இன்று கருதுகின்றோம். அதன் காரணத்தை இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

சிங்கப்பூர் செல்லும் நம் தோட்டத்து மக்கள் பெரும்பாலும் லிட்டில் இந்தியாவைக் காணாமல் திரும்புவதில்லை. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனை வணங்குவர். தேக்காச் சந்தைக்குச் செல்வர். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் ஒரு கலைக் கல்லூரி உண்டு. அது நிற்கும் தெருவின் பெயர் மெக்நாலி தெரு. அஃது ஓர் அரசரின் பெயரன்று, செல்வரின் பெயருமன்று, ஒரு பள்ளி ஆசிரியரின் பெயர்.

ஜோசப் மெக்நாலி 1923ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தவர். லசால் துறவறச் சபையைச் சேர்ந்தவர். 1946இல் சிங்கப்பூருக்கு வந்து ஆசிரியரானார். பின்னர்த் தலைமையாசிரியராகவும் விளங்கினார். பள்ளிப் பணிகளுக்கிடையே சிற்பக் கலையை அவர் கைவிடவில்லை. தம் நாட்டுச் சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கறுத்துப்போன ஓக் மரத்தைக் கொணர்ந்து சிற்பங்கள் செய்தார். பிறர் கண்ணுக்கு விறகாகத் தோன்றியது அவர் கண்ணுக்கு உருவமாகத் தோன்றிற்று.

அறுபது வயதை எட்டியபின், பலரும் ஓய்வை நாடும் பருவத்தில், 1984இல் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டு சிங்கப்பூரின் குடிமகனானார். அப்பள்ளியே லசால் கலைக் கல்லூரியாக வளர்ந்தது. 2007இல் அது மெக்நாலி தெருவில் புதிய கட்டடங்களுக்குக் குடிபுகுந்தது. அதைக் காண அவர் இல்லை, 2002இலேயே மறைந்துவிட்டார்.

அவர் ஏற்றிய விளக்கு நம்மவர் கைக்கும் வந்தது. 1988இல் சந்திரசேகரன் என்னும் தமிழ்க் கலைஞர், கோ ஈ சூ, சாலே ஜப்பார் ஆகிய இருவருடன் சேர்ந்து ‘திரிமூர்த்தி’ என்னும் கண்காட்சியை நடத்தினார். தமிழர், சீனர், மலாய்க்காரர் எனும் மூவரும் தத்தம் மரபை விட்டுக்கொடாமல் ஒரே கூரையின்கீழ்ப் படைத்தனர். பிற்காலத்தில் சந்திரசேகரன் லசால் கல்லூரியின் நுண்கலைப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். சாலே ஜப்பாரும் அங்கே ஆசிரியரானார். படைப்பதும் கற்பிப்பதும் இவர்கள் வாழ்வில் வேறு வேறாக இருக்கவில்லை.

“அதெல்லாம் சரி, ஓவியம் சோறு போடுமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. நம் பிள்ளைகள் அனைவரும் ஓவியராகப் போவதில்லை; அதை மறைக்க நாம் விரும்பவில்லை. எனினும், பால்மரம் சீவும் பெற்றோரிடம் ஒன்று கேட்கின்றோம். மரத்துக்குக் காயம் படாமல், பட்டையை மட்டும் சரியான சாய்வில் சீவும் திறனை உங்கள் கைக்கு யார் தந்தது? ஏட்டுப் படிப்பா? கண் கூர்ந்து நோக்கியது; கை அதற்குப் பணிந்தது. ஓர் இலையைப் பார்த்து வரையும் குழந்தையும் அப்பயிற்சியையே பெறுகின்றது. கூர்ந்து நோக்கும் கண் கணக்கிலும் பிழையைக் காணும். பொறுமை பழகிய கை கையெழுத்தையும் திருத்தும்.

சுவர் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வாழ்நாளெல்லாம் சுவரையே எழுப்பிக்கொண்டிருந்தால் சித்திரத்தை எழுதுவது எப்போது?

ஆகவே, வரும் ஆண்டு முதல் ஓவியப் பாடவேளையை வேறு பாடத்திற்கு எடுக்கமாட்டோம் என உறுதி கூறுகின்றோம். பெற்றோர் செய்யவேண்டியது சிறிதே. விலையுயர்ந்த வண்ணப்பெட்டி வேண்டுவதில்லை. பழைய நாட்காட்டித் தாளின் பின்புறமும் ஒரு பென்சிலும் போதும். பிள்ளை வரைந்ததைக் கொண்டுவந்து நீட்டும்போது, வேலைக் களைப்பிலும் ஒரு நிமிடம் வாங்கிப் பாருங்கள். “இது என்ன, கண்ணு?” என்று கேளுங்கள். அக்கேள்வியே அப்பிள்ளைக்கு முதற்பரிசு.

மாணவச் செல்வங்களே, கண்டதை வரையுங்கள். வரைந்ததைத் தம்பி தங்கைக்குக் கற்பியுங்கள். கலை வளர்க!