சாவி கைக்கு வரும்வரை

வீடு கட்டும் நிறுவனங்களின் பங்குகளை நோக்கிச் சிறுசேமிப்பாளரின் பணம் மீண்டும் திரும்புகிறது. 2025இன் தொடக்கத்தில் 6.5 விழுக்காடாக இருந்த ரெப்போ வட்டியை ரிசர்வ் வங்கி அவ்வாண்டு ஜூனுக்குள் 5.5 விழுக்காடாகக் குறைத்தது. இருபது ஆண்டுத் தவணையில் 50 இலட்சம் ரூபாய் கடன் பெறும் குடும்பத்துக்கு, வட்டி எட்டரையிலிருந்து ஏழரை விழுக்காடாக இறங்கினால் மாதந்தோறும் ஏறத்தாழ 3,100 ரூபாய் மிச்சம். ஆதலால் வீடு வாங்குவோர் பெருகுவர், பங்கின் விலையும் ஏறும் என்கிறார்கள். கணக்கில் பிழையில்லை, ஆனால் அது பாதிக் கணக்கு.

மீதிப் பாதியை 2007 நமக்குக் கற்பித்தது. டிஎல்எஃப் நிறுவனம் பங்கொன்று 525 ரூபாய் வீதம் வெளியிட்டு 9,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டிய ஆண்டு அது. 2008 ஜனவரியில் ஆயிரத்தைக் கடந்த அப்பங்கு, 2009இன் தொடக்கத்தில் 200க்கும் கீழே கிடந்தது. அந்நிறுவனமேனும் பிழைத்து எழுந்தது. அதே ஜனவரியில் 500 ரூபாய்க்கு மேல் விற்ற யூனிடெக் பங்கோ பின்னாளில் சில ரூபாய்க்குச் சரிந்தது. 2020இல் உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலோடு அதன் நிருவாகத்தை மத்திய அரசு ஏற்க நேர்ந்தது. பங்கு வாங்கியவரும் வீட்டுக்குப் பணம் கட்டியவரும் ஒரே பள்ளத்தில் வீழ்ந்தனர்.

இவ்வீழ்ச்சியின் வேர் முன்பதிவில் இருக்கிறது. காலாண்டுதோறும் நிறுவனங்கள் பெருமையோடு அறிவிப்பது முன்பதிவு மதிப்பைத்தான். சந்தையும் அதைக் கண்டே மகிழ்கிறது. ஆண்டறிக்கையின் இருப்புநிலைக் குறிப்பைப் புரட்டிப் பாருங்கள். வாங்குவோர் செலுத்திய முன்பணம் அங்கே பொறுப்புகளின் கீழ், திருப்பித் தீர்க்க வேண்டிய கடமையாக நிற்கும். வீட்டை முடித்து ஒப்படைத்த பின்னரே அது பெரும்பாலும் வருவாயாகும். அப்பணத்தை வேறு நிலம் வளைக்கத் திருப்பிவிட்டு, புதிய முன்பதிவைக் கொண்டு பழைய கட்டடத்தை எழுப்ப முயலும் நிறுவனம், விற்பனை நின்ற மறுநாளே தானும் நின்றுவிடும். நொய்டாவின் ஆம்ரபாலி குடியிருப்புகளில் 42,000க்கும் மேற்பட்டோர் அவ்வாறு சிக்கினர். மாதப் பிறப்பில் வங்கிக்குத் தவணை, அதே வாரத்தில் வீட்டுக்காரருக்கு வாடகை என ஒரே சம்பளத்தில் இரு கூரைகளுக்குப் பணம் கட்டிய குடும்பங்கள் அவை. 2019இல்தான் உச்ச நீதிமன்றம் அவ்வீடுகளைக் கட்டி முடிக்கும் பணியை அரசுக் கட்டுமான நிறுவனமான என்பிசிசியிடம் ஒப்படைத்தது.

ரெரா என வழங்கும் 2016ஆம் ஆண்டுச் சட்டம், வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைக்கப் பணித்தது. காலாண்டுக்கொரு முறை பணியின் நிலையை வெளியிடவும் கட்டளையிட்டது. நல்ல அரண்தான். எனினும் அவ்விவரம் மாநிலத்துக்கொரு தளத்தில், திட்டத்துக்கொரு பக்கத்தில் சிதறிக் கிடக்கிறது. பத்தாயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்கும் ஓர் ஆசிரியரோ கடைக்காரரோ அதைத் தேடித் தொகுப்பது இயலுமா?

எனவே, சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு கட்டுமான நிறுவனமும் தன் காலாண்டு முடிவுகளோடு மூன்று எண்களைச் சேர்த்து வெளியிட வேண்டும்: உறுதியளித்த நாளில் ஒப்படைத்த வீடுகள், காலம் கடந்து ஒப்படைத்தவை, இன்னும் ஒப்படைக்காதவை. முன்பதிவு மதிப்பு அச்சாகும் அதே பக்கத்தில் அவை இடம்பெறட்டும். வரும் நிதியாண்டு முதலே பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி இதனைக் கட்டாயமாக்க வேண்டும்.