ஊசி போட்டால்தான் காய்ச்சல் போகுமா?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் உள்ள சிறிய கிளினிக்குகளில் மாலை வேளையில் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் இது: “ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர், நாளைக்கு வேலைக்குப் போவணும்.” கரும்பு வெட்டவும் நடவுக்கும் கட்டிட வேலைக்கும் போகிறவர்கள் ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு. அந்த அவசரம் நியாயமானது. ஆனால், ஊசி போட்டால்தான் கேட்கும் என்ற நம்பிக்கை, வெறும் காய்ச்சல், உடல்வலியைப் பொறுத்தவரை தவறானது.

மருந்து செல்லும் வழி

விழுங்கிய பாராசிட்டமால் இரைப்பையில் கரைந்து, சிறுகுடல் வழியே ரத்தத்தில் சேர்கிறது. வெறும் வயிற்றில் என்றால், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொட்டுவிடும். இடுப்பில் போடும் ஊசி மருந்தும் தசையிலிருந்து ரத்தத்துக்கு ஊறித்தான் வர வேண்டும். எந்த வழியில் கொடுத்தாலும் இம்மருந்து சூட்டையும் வலியையும்தான் தணிக்கும். வைரஸ் காய்ச்சலின் நாட்களைக் குறைக்காது.

ஊசி கட்டாயமாகும் இடங்களும் உண்டு. இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் உணவைப் போலச் செரித்துவிடும். நினைவிழந்தவருக்கும் ஓயாமல் வாந்தி எடுப்பவருக்கும் மாத்திரை உதவாது. நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கின் அடியில் வைக்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது: விழுங்கினால் கல்லீரல் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும், நாக்கின் அடியில் கரைந்தால் நேராக ரத்தத்தில் சேரும். ஆக, வழியைத் தீர்மானிக்க வேண்டியவை மருந்தின் தன்மையும் நோயாளியின் நிலையும்தான்.

தெம்புக்காக ‘குளுக்கோஸ் ஏற்றுவது’ம் பெரும்பாலும் தேவையற்றதுதான். 5% குளுக்கோஸ் உள்ள 500 மி.லி. பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை; ஏறக்குறைய இரண்டு இட்லியில் கிடைக்கும் ஆற்றல். நீரிழப்புக்குக்கூடக் குடிக்கும் நீர் கைகொடுத்திருக்கிறது. 1971 வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்கான் அகதிகள் முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்கு சலைன் போதாமல் போனது. மருத்துவர் திலீப் மகலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. சிறுகுடல் சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து உறிஞ்சும்போது தண்ணீரும் கூடவே உள்ளே வருகிறது என்பதே அந்த வெற்றியின் அடிப்படை.

தேவையற்ற ஊசியின் விலை

ஊசிக்கு ஆபத்தும் உண்டு. சீழ்க்கட்டி வரலாம்; தவறான இடத்தில் போட்டால் கால் நரம்பு பாதிக்கப்படலாம். நம் மக்கள் நாடிச் செல்லும் புதுச்சேரி ஜிப்மருக்கு வந்த போலியோ குழந்தைகள் பலர், கால் செயலிழப்பதற்குச் சற்று முன்பு தேவையற்ற ஊசி போடப்பட்டவர்கள் என்பதை 1992இல் வெளியான ஓர் ஆய்வு பதிவுசெய்தது. போலியோ கிருமி உடலில் இருக்கும்போது தசையில் போடும் ஊசி, செயலிழப்பைத் தூண்டக்கூடும். குஜராத்தின் மோடாசாவில் 2009இல் ஹெபடைடிஸ்-பி பரவிப் பலர் இறந்ததற்கு, மறுபடியும் பயன்படுத்தப்பட்ட ஊசிகளே காரணமாகக் கண்டறியப்பட்டன.

என்ன செய்யலாம்?

பெயர் தெரியாமல் உதிரியாக வாங்கும் ‘செட் மாத்திரை’ கேட்காமல் போவதும் ஊசி மீதான நம்பிக்கையை வளர்க்கிறது. எந்த மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எதனுடன் சேர்க்கக் கூடாது என்பதை மருந்து கொடுக்குமிடத்திலேயே சொல்ல வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீயுடன் விழுங்கினால் உடலில் சேர்வது குறையும் என்பது எத்தனை கர்ப்பிணிகளுக்குச் சொல்லப்படுகிறது? முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதல் ஆரம்ப சுகாதார நிலையம் வரை, மருந்தாளுநருக்கு இதற்கான நேரமும் உதவிக்கு ஆட்களும் தரப்பட வேண்டும். 2021 முதல் வீடு தேடிச் செல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்களும் இதைச் சொல்லித்தரலாம்.

“எனக்கு மாத்திரை போதுமா?” என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு நோயாளிக்கும் உண்டு. ஊசி தேவையில்லை என்றால், அதைப் பொறுமையாக விளக்கி மறுப்பது மருத்துவரின் கடமை. காய்ச்சல்காரர் கூலியை இழக்காமல் ஓய்வெடுக்க வழிசெய்வது அரசின் பொறுப்பு. அதை ஊசியால் ஈடுகட்ட முடியாது.