வானொலி அளந்த பொழுது

கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதனோடு அமையாது கேள்விக்கும் தனியாக ஓர் அதிகாரம் வகுத்தார். கையிலுள்ள வேலையைத் தடுக்காது, கண்ணுக்குச் சுமை தராது, செவி வழியே உள்ளத்திற் புகவல்லது கேள்வி. இதன் ஆற்றலை ஒரு நாடு முழுவதும் நாள்தோறும் உணர்ந்த காலம் ஒன்றுண்டு. இரண்டாம் உலக மகாயுத்தத்தின் பின்னர்ப் பிரித்தானிய மக்கள் வானொலியோடு வாழ்ந்த காலமே அது.

1951ஆம் ஆண்டின் ஒரு வேலை நாளை எடுத்துக்கொள்வோம். யுத்தம் முடிந்து ஆறு ஆண்டுகள் கழிந்தும் பங்கீட்டு முறை நீங்கவில்லை. தேயிலை, சீனி, வெண்ணெய், இறைச்சி ஆகியன அளந்தே கொடுக்கப்பட்டன. தொலைக்காட்சிப் பெட்டி பத்து இலட்சம் வீடுகளிலேனும் இருந்ததில்லை. வானொலி அனுமதிப்பத்திரங்களோ ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம். ஆண்டுக்கு ஒரு பவுண் செலுத்தினால், அளவின்றிப் பெறக்கூடிய பண்டம் ஒலி ஒன்றே.

அவ்வொலியை வழங்கிய பி.பி.சி. நிறுவனம் மூன்று பிரிவுகளை நடத்திற்று. செய்தியும் நாடகமும் பேச்சும் கலந்தது இல்லச் சேவை. பாட்டும் சிரிப்புமாக 1945இல் தோன்றியது இலகு நிகழ்ச்சி. உயர்ந்த இசைக்கும் இலக்கியத்துக்குமென 1946இல் தோன்றியது மூன்றாம் நிகழ்ச்சி. அந்நாளைய தலைமை அதிகாரி வில்லியம் ஹேலி, சமுதாயத்தை அடி அகன்று நுனி குறுகிய ஒரு கோபுரமாகக் கண்டார். இலகுவானதைக் கேட்கத் தொடங்குபவர் படிப்படியாக உயர்ந்ததை நாடுவர் என்பது அவர் நம்பிக்கை. ஓர் ஆசிரியனுக்கு இந்நம்பிக்கை மிக நெருக்கமானது. அது பலித்ததா என்பதை அந்த நாளின் போக்கே காட்டும்.

காலை ஒன்பது மணி கடந்ததும், இலகு நிகழ்ச்சியில் 'இல்லத்தரசியர் விருப்பம்' ஒலிக்கும். அஞ்சலட்டையில் எழுதிக் கேட்ட இசைத்தட்டுகள் சுழலும்போது, அடுக்களையிற் பாத்திரங்கள் துலங்கும். பத்தரை மணிக்கு 'வேலையோடு இசை'. யுத்த காலத்தில், 1940இல், தொழிற்சாலைகளுக்கென ஏற்பட்ட நிகழ்ச்சி இது. இயந்திர இரைச்சலை மீறிக் கேட்கவேண்டும். வேகம் ஒரு சீராய் இருக்கவேண்டும் என்றெல்லாம் இதற்கு விதிகள் உண்டு. கைதட்டலுடன் கூடிய ஒரு பாட்டு, தொழிலாளர் கருவிகளால் தாளம் போடத் தொடங்கிவிடுவர் என்று விலக்கப்பட்டதாம்!

பிற்பகல் ஒன்றே முக்காலுக்குத் தாயும் சிறு பிள்ளையும் சேர்ந்து கேட்கும் கதையும் பாட்டும்; கால் மணி நேரந்தான். இரண்டு மணிக்குப் 'பெண்கள் நேரம்'. 1946இல் அது தொடங்கியபோது நடத்துநர் ஓர் ஆண்மகன் என்பது வியப்பே. சில மாதங்களில் அவ்விடத்துக்குப் பெண்கள் வந்தனர். சமையற் குறிப்போடு, அக்காலம் பலர் கூடிய இடத்திற் பேசத் தயங்கிய பெண்களின் உடல்நலமும் அங்கே பேசப்பட்டது. பிற்பகல் நாலு மணியளவில் ஒரு வைத்தியரின் மனைவி சொல்லும் குடும்பக் கதை, 'டேல் அம்மையாரின் நாட்குறிப்பு'. பகற்பொழுதெல்லாம் பெண் வீட்டிலேயே இருப்பாள் என்ற எண்ணத்தின்மீதே இந்தப் பகல் கட்டப்பட்டிருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஐந்து மணிக்குச் சிறுவர் நேரம். ஆறு மணிக்குச் செய்தி. இரண்டும் இல்லச் சேவையில். ஆறே முக்காலுக்கு 'ஆர்ச்சர் குடும்பத்தார்'. இதன் பிறப்பே நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

அவ்வேளையில் முன்பு ஒலித்தது டிக் பார்ட்டன் என்னும் துப்பறிவாளனின் வீரக்கதை. ஒன்றரைக் கோடி மக்கள் வரை அதனைக் கேட்டனர். உணவு உற்பத்தியைப் பெருக்கக் கமக்காரருக்குப் புதிய முறைகளைப் புகட்டுவது எங்ஙனம் என்று 1948இல் பேர்மிங்ஹாம் நகரில் ஒரு கூட்டத்தில் ஆராய்ந்தபோது, கமக்காரர் ஒருவர் எழுந்து, எமக்கு வேண்டியது கமத்தொழிலுக்கு ஒரு டிக் பார்ட்டன் என்றாராம். கொட்பிறி பேஸ்லி என்னும் தயாரிப்பாளர் அதனைச் சிந்தித்தார். மாட்டு நோயும் விதையும் உரமும் ஒரு கிராமத்துக் குடும்பத்தின் காதலோடும் பிணக்கோடும் கலந்து கதையாயின. 1951 சனவரி முதலாந் திகதி நாடெங்கும் ஒலிபரப்பத் தொடங்கிய அக்கதை, அவ்வாண்டின் வசந்த காலத்திலேயே துப்பறிவாளனின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்றும் அது ஒலித்துக்கொண்டிருக்கின்றது.

இரவு ஒன்பது மணிக்குப் பிக் பென் மணியோசையும் செய்தியும். பதினொரு மணிக்கு ஒரு நாவலின் சில பக்கங்களை ஒருவர் வாசிப்பார். அதன்பின் விளக்கணையும்.

ஹேலி விரும்பியவாறு கோபுரத்தின் உச்சிக்கு ஏறியோர் மிகச் சிலரே. மூன்றாம் நிகழ்ச்சியைக் கேட்டவர் தொகை என்றும் சிறிதாகவே இருந்தது; பெரும்பாலோர் இலகு நிகழ்ச்சியிலேயே தங்கிவிட்டனர். அதனால் அம்முயற்சி வீணென்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. மக்கள் அறிவை நாடி ஏறாதபோது, அறிவே மக்களை நாடி இறங்கிற்று. கமத்தொழில் கதையாக வந்தது. உடல்நலம் உரையாடலாக வந்தது. நாவல் தூக்கத்துக்கு முன் படுக்கையருகே வந்தது. உயர்ந்ததைத் தனியே மேலே வைத்துக் காத்திருந்ததிலும், எளியதன் உள்ளே நல்லதைச் சேர்த்ததே மிகுந்த பயன் தந்தது.

இன்று ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு கருவி. பிள்ளை கேட்பது யாதென்று பெற்றோர் அறியார். பெற்றோர் கேட்பதைப் பிள்ளை அறியான். பொழுதுபோக்கை முற்றாக விலக்கிப் படி, படி என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெற்றோர், நாளில் ஒரு கால் மணி நேரமேனும் அவர்களோடு கூடியிருந்து ஒன்றைக் கேட்டுப் பார்க்கட்டும். அது சிரிப்புக் கதையாயினும் குற்றமில்லை. கேட்டு முடிந்தபின் அதனைப்பற்றி இரண்டு வார்த்தை பேசினாற் போதும். படிப்பு அங்கே தொடங்கிவிடும்.